சுவிட்சுக்காரன் பங்கு

ஏப்ரல் 2

இந்த டைரி சுலோச்சனா வாங்கிக் குடுத்தது. "திட்டறதப் பூரா இதுல எழுதுங்க, என்ற காதாவது மிஞ்சும்"னா. கல்யாணமான நாள்ல இருந்து இவ இப்படித்தான். ஒரு சாமானைக் குடுத்தா கூடவே ஒரு வேலையும் குடுப்பா.

சரி, எழுதறேன். பேரு சென்னியப்பன். வயசு ஐம்பத்தொம்பது. வீடு ஒண்டிப்புதூர். நூல் மில்லுல முப்பத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் மேஸ்திரி. மில்ல மூடி அஞ்சு மாசமாச்சு. செட்டில்மென்ட் காசு பேங்கில கெடக்குது. அதுல அஞ்சு லட்சத்தை எடுத்து வெளிநாட்டுச் சின்னக் கம்பெனிப் பங்கு வாங்கறேன்னு சொன்னேன். அதுல இருந்து ஒரு வாரமா வீட்டுல சண்டை.

நான் சொன்னது இதுதான். பெரிய கம்பெனிப் பங்கை ஊரே வாங்குது, அதுல நம்ம தெறமை என்ன இருக்குது? உலகம் பூரா நூறு பேரு, இருநூறு பேரு வேலை செய்யற கம்பெனிக கெடக்குது. ஒருத்தன் ஆயில் சீல் மட்டும் செய்வான். ஒருத்தன் சுண்டுவிரல் மொத்தத்துல பேரிங் செய்வான். அவன் சாமான் இல்லைன்னா பெரியவன் மெஷின் ஓடாது. அவன் பேரு டிவியில வராது. எனக்குத் தெரியும், ஏன்னா அதையெல்லாம் இந்தக் கையால கழட்டி மாட்டியிருக்கேன்.

சுலோச்சனா கேட்டுட்டே கீரை ஆய்ஞ்சா. ஆய்ஞ்சு முடிச்சுட்டுத் தீர்ப்புச் சொன்னா. "ஒரு வருஷம். அடுத்த மார்ச் முப்பத்தொண்ணு. பேங்கு வட்டிய விட ஒரு ரூவா கூட இருந்துச்சுன்னா உங்க இஷ்டம். கொறைஞ்சா பூராத்தையும் வித்து பேங்கில போட்டுட்டு என்ற தம்பி ஒர்க்ஷாப்புக்கு வேலைக்குப் போகோணும்."

அவ தம்பி பீளமேட்டுல ஒர்க்ஷாப் வெச்சிருக்கான். "மாமா, அப்படி இல்லைங்க மாமா"ன்னு ஆரம்பிச்சான்னா ஸ்பேனர் புடிக்கறது எப்படின்னு எனக்கே சொல்லிக் குடுப்பான். அவன்கிட்டக் கைகட்டி நிக்கறதுக்குப் பதிலா நான் ஒரேயடியா போயிச் சேர்ந்துரலாம். அதனால ஜெயிச்சே ஆகோணும்.

ஏப்ரல் 9

ஓசூர்ல இருக்கற மக போன்லயே கணக்குத் தொறந்து குடுத்துட்டா. வாங்கலாம்னு உக்காந்தா சுலோச்சனா பழைய இன்டென்ட் புஸ்தகத்தைக் கொண்டாந்து வெக்கறா.

இவளும் அதே மில்லுதான். ஸ்டோர்ஸ்ல இருபத்தாறு வருஷம் கிளார்க். ஸ்டோர்ஸ்ல சாமான் வேணும்னா இன்டென்ட் சீட்டு எழுதிக் குடுக்கோணும். என்ன சாமான், எத்தனை, எதுக்குன்னு மூணு கட்டம், கீழ கையெழுத்து. வெளிநாட்டுச் சாமான்னா நான் சொல்லச் சொல்ல இவ இங்கிலீசுல டைப் அடிப்பா. எங்க பழக்கமே அப்படி ஆரம்பிச்சதுதான்.

"சீட்டு இல்லாம உங்களுக்கு ஒரு போல்ட் குடுத்திருப்பனா?"

"இது என்ற காசு சுலோ."

"பேரிங்கும் மொதலாளி காசுதான். எழுதுங்க."

எழுதினேன். ஜப்பான்ல பேரிங்காரன். எதுக்கு: பதினெட்டு வருஷத்துல ஒண்ணுகூட மாத்தலை. இத்தாலியில ஆயில் சீல்காரன். எதுக்கு: சொட்டு ஒழுகாது. தைவான்ல பெல்ட்டுக்காரன், அவனும் அப்படித்தான். அப்பறம் ஆஸ்திரியாவுல சுவிட்சுக்காரன். மெஷின் கதவைத் தொறந்தா மெஷின் நிக்கற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும், அதை மட்டும் மலை ஊர்ல உக்காந்து செய்யற கம்பெனி. நூத்தி எண்பது பேரு. அவனுக்கு மட்டும் ரெண்டு லட்சம். எதுக்குங்கற கட்டத்துல "நல்ல சாமான்"னு எழுதினேன்.

சுலோச்சனா கண்ணாடிய மேல தூக்கிப் பார்த்தா. "மத்தவனுக்கெல்லாம் வருஷக் கணக்குப் போட்டு எழுதறீங்க. இவனுக்கு ரெண்டே வார்த்தை. காசு மட்டும் ரெண்டு லட்சமா?"

"நீதான அன்னைக்கு ஆர்டர் டைப் அடிச்சே."

"அடிச்சேன். எதுக்குன்னு அன்னைக்கும் நீங்க சொல்லலை."

அடுப்புல பால் பொங்கிருச்சு. கையெழுத்துப் போட்டுட்டு ஓடிட்டா.

பொறவு அவ பங்குக்கு அவளும் ஒரு சீட்டு எழுதினா. பிரேசில்ல நூல் சுத்தற காகிதக் கோன் செய்யற கம்பெனி, நாப்பதாயிரத்துக்கு. கோன்னா அட்டைக் குழாய். அட்டைக் குழாய்க்கெல்லாம் பங்கு வாங்கற பொம்பளைய நான் இப்பத்தான் பாக்கறேன். சரி தொலையட்டும்னு விட்டுட்டேன்.

மே 6

ஜப்பான் மார்க்கெட் நம்ம நேரத்துக்குக் காலையில அஞ்சரைக்குத் தொறக்குது. பால்காரரும் அப்பத்தான் வர்றாரு. ஒரு கையில சொம்பு, ஒரு கையில போன். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு ஆஸ்திரியாவும் இத்தாலியும். சாயங்காலம் சுலோச்சனா சீரியல் வெக்கற நேரத்துக்கு பிரேசில். மில்லுலயும் மூணு ஷிப்ட்டுதான், இப்பவும் மூணு ஷிப்ட்டு.

சின்னக் கம்பெனிப் பங்குல ஒரு கஷ்டம், வாங்க ஆளு இருந்தாத்தான் விக்க முடியும். சுவிட்சுக்காரன் பங்கு சில நாள் நூறுகூடக் கைமாறாது. தெனமும் பாக்கறதுல அர்த்தமே இல்லை. பாக்கறேன்.

மே 20

குழாய்ல வாஷர் போச்சு. மாத்தினேன். மச்சான் வந்திருந்தான். "மாமா, அப்படி இல்லைங்க மாமா, டெஃப்லான் டேப் சுத்தோணும்." சுத்தித்தான் வெச்சிருந்தேன்.

ஜூன் 18

இத்தாலிக்காரன் நூத்துக்கு ஒம்பது ஏறிட்டான். பேரிங்காரன் ஆறு. நான் சொன்னேனில்ல. சுலோச்சனாவுக்கு மல்லி ரெண்டு முழம் வாங்கிட்டுப் போனேன். "இதுக்கு இன்டென்ட் எங்கே?"ன்னா. சிரிச்சுட்டேன்.

ஜூலை 25

சுவிட்சுக்காரன் அரை வருஷக் கணக்கு வந்துச்சு. விக்கறது கொறைஞ்சுபோச்சு, அதுலயும் நம்ம பக்கத்து நாடுகள்ல பாதியாக் கொறைஞ்சிருக்குது. ஒரே நாள்ல நூத்துக்கு இருபத்திரண்டு விழுந்துருச்சு. ஆனா சாமான்ல கொறை இல்லை. அவன் சுவிட்ச யாராலயும் ஏமாத்த முடியாது. சாதா சுவிட்ச்னா ஒரு துண்டு ஒயரைப் போட்டு ஜம்பர் அடிச்சா, கதவு தொறந்திருந்தாலும் மெஷின் ஓடும். இவனோடதுல கதவுப் பக்கம் இருக்கற துண்டும் மெஷின் பக்கம் இருக்கற துண்டும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் கண்டுக்கும். ஒயரைப் போட்டா மொத்தமும் நின்னுரும். இத்தனை நல்ல சாமான் விக்காமப் போகுமா?

இன்னும் வாங்கோணும்னு சீட்டு எழுதினேன். எதுக்கு: நல்ல சாமான், வெலை கொறைஞ்சிருக்குது. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா.

ஆகஸ்ட் 2

தைவான் பெல்ட்டுக்காரனைப் பூரா வித்துட்டு சுவிட்சுக்காரனை வாங்கிட்டேன். சீட்டு இல்லாம. வாழ்க்கையில முதல் தடவை.

ஆகஸ்ட் 11

கண்டுபுடிச்சுட்டா. சண்டை போடலை, அதான் பயமா இருக்குது. ரெண்டு நாளா ரசமும் சுட்ட அப்பளமும்தான்.

ஆகஸ்ட் 13

இன்னைக்கு வாயத் தொறந்தா. "நஷ்டமாப் போறவன் மேல இத்தனை பாசம் எதுக்குங்க? அவன் யாரு உங்களுக்கு, ஒட்டா ஒறவா?"

மோட்டார் போட்டுத் தொட்டி நெறைக்கப் போயிட்டேன். தொட்டி நெறைஞ்சுதான் இருந்துச்சு.

செப்டம்பர் 16

பிரேசில் அட்டைக் குழாய் நூத்துக்கு முப்பத்தொண்ணு ஏறியிருக்குது. எழுதவே கை வர மாட்டேங்குது.

சாயங்காலம் கேட்டேன், எப்படிப் புடிச்சேன்னு. முறுக்குக் கடிச்சுட்டே சொல்றா. "ஸ்டோர்ஸ்ல என்ற மேஜைக்கு எதுத்தாப்புல கோன் ரேக்கு. காலையில நெரப்புனா சாயங்காலம் காலி. உங்க ஜப்பான் பேரிங் மேல் தட்டுல பதினெட்டு வருஷம் தூசி புடிச்சுக் கெடந்துச்சு. ஒடையாத சாமான் செய்யறவன் நல்லவன்தான். ஆனா அவன்கிட்ட ரெண்டாவது தடவை யாரு போவா?"

முப்பத்திரண்டு வருஷம் எது ஒடையலைன்னு மட்டும் நான் பார்த்திருக்கேன். எது தீர்ந்துச்சுன்னு பார்த்தவ இவ. இதை அவகிட்டச் சொல்லலை. அடுத்த சீட்டை அவளே எழுதட்டும்னு புஸ்தகத்தைத் தள்ளி வெச்சேன். அவளுக்குப் புரிஞ்சிருக்கும்.

அக்டோபர் 12

ஆயுத பூசை. ஸ்பேனர் பொட்டியைத் தொடைச்சுப் பொட்டு வெச்சேன். மில்லு இல்லாத முதல் பூசை. பொரி கடலை மட்டும் எப்பவும்போல நெறைய வாங்கிட்டேன், திங்க ரெண்டே பேரு.

அக்டோபர் 29

சுவிட்சுக்காரன் பங்கு வெச்சிருக்கறவங்களுக்குக் கடுதாசி போட்டிருக்கான். மெயில்தான். பெரிய கம்பெனிக்காரன்னா பளபளன்னு படம் போட்டுப் புஸ்தகம் அடிப்பான். இவன் ரெண்டே பக்கம், நம்மூட்டு ஆளு மாதிரி எழுதியிருக்கான். அகராதி வெச்சு மூணு மணி நேரம் படிச்சேன்.

ஏன் விக்கலைன்னு அவனே சொல்றான். ஆசியாவுல மில்லுக்காரங்க இவன் சுவிட்ச வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பறாங்களாம். உற்பத்தி நிக்குதாம். ஜம்பர் போட முடியற சாதா சுவிட்சே போதும்னு சொல்றாங்களாம். அதனால இவனும் அடுத்த வருஷம் ஜம்பர் போட முடியற மாதிரி ஒரு மலிவு சுவிட்ச் செய்யலாமான்னு யோசிக்கறானாம். பங்குக்காரங்க கருத்து எழுதலாமாம்.

இவனும் அதையே செய்யப் போறானா?

படிச்சதுக்கப்பறம் சோறு எறங்கலை. சுலோச்சனா வெத்தலைபாக்கு மெல்லாமப் பார்த்துட்டே இருந்தா.

நவம்பர் 3

மழை. ஒட்டடை அடிச்சேன்.

நவம்பர் 17

இன்னைக்கு நடந்ததை முழுசா எழுதோணும்.

கருத்து எழுதலாம்னு முடிவு பண்ணினேன். எனக்கு இங்கிலீசு படிக்க வரும், எழுத வராது. மகளைக் கேக்கலாம்னு பார்த்தேன், அவகிட்ட இதைச் சொல்ல வாய் வராது. சுலோச்சனா லேப்டாப்பைத் தொறந்து வெச்சா. "சொல்லுங்க மேஸ்திரி, அடிக்கறேன்"னா. மில்லுல அப்படித்தான் கூப்புடுவா.

"ஐயா, நான் உங்கள் பங்கு வைத்திருப்பவன். கோயமுத்தூரில் மில்லில் வேலை பார்த்தவன்." அடிச்சா. "மலிவு சுவிட்ச் செய்ய வேண்டாம்." அடிச்சா. "காரணம்..."

"ம். காரணம்?"

"பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க மில்லுல பஞ்சு சீவற கார்டிங் மெஷின்ல ஒரு பொண்ணு கையக் குடுத்துருச்சு. ரெண்டு வெரல் போயிருச்சு."

"துளசிமணி"ன்னா சுலோச்சனா, அடிச்சுட்டே. "அவ கதவைத் தொறந்து உருளை நிக்கறதுக்குள்ள அவசரப்பட்டுக் கைய விட்டுட்டா. அதை எழுதோணுமா?"

"இல்லை. அது தப்பு. அந்த மெஷினோட கதவு சுவிட்ச் சும்மா சும்மா நிப்பாட்டிட்டே இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஏழு தடவை. உற்பத்தி போகுதுன்னு மானேசர் கத்துனாரு. கதவுக்கு ஜம்பர் போட்டு ஓட்டினாங்க."

"யாரு போட்டது?"

"எழுது. ஒயரைப் போட்டது நான்."

அவ வெரல் நின்னுருச்சு. என்னைத் திரும்பிப் பார்க்கலை. பொறவு அடிச்சா.

"அவ எப்பவும்போல கதவைத் தொறந்தா. தொறந்தா நிக்கும்னு நம்பினா. மெஷின் நிக்கலை. அவ அவசரப்படவே இல்லை. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. நான் போயி ஒயரை எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"ஆமா. இன்ஸ்பெக்டர் கதவைத் தொறந்து தொறந்து மூடிப் பார்த்தாரு. சுவிட்ச் சரியா வேலை செஞ்சுச்சு. தொழிலாளி கவனக்குறைவுன்னு எழுதினாரு. அந்தப் பொண்ணு அதுல கையெழுத்துப் போட்டா. இடது கையால. அடுத்த வாரம்தான் உங்க சுவிட்சுக்கு ஆர்டர் போட்டோம். அப்பறம் எங்க மில்லுல யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அதனால மலிவு சுவிட்ச் செய்யாதீங்க. என்னைய மாதிரி ஆளு எல்லா மில்லுலயும் இருக்கான்."

பூரா அடிச்சா. ஒரு எழுத்துத் தப்பில்லை. கீழ என்ற பேரையும் அடிச்சா. அனுப்பற பட்டனை மட்டும் அவ அமுக்கலை. "நீங்க அமுக்குங்க"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அமுக்கினேன். ஸ்டோர்ஸ்ல அன்னைக்கு "எதுக்குங்க இந்தச் சுவிட்ச்?"னு இவ கேட்டப்பவே சொல்லியிருந்தா, பதிமூணு வருஷம் மிச்சமாகியிருக்கும். பயந்துட்டேன். வேலை போயிரும்னு பயம், அதைவிட இவ என்னைப் பாக்கற பார்வை மாறிரும்னு பயம்.

நவம்பர் 18

சாப்பாடு மட்டும் வெச்சா.

நவம்பர் 19

பேசினா. "அந்தப் புள்ள காயம் ஆறி ஸ்டோர்ஸ்ல கணக்கு முடிக்க வந்துச்சு. நான்தான் செக்குக் குடுத்தேன். 'அவசரப்படலாமா அம்மிணி'ன்னு புத்தி சொல்லி அனுப்பினேன். என்ற வாயால." அழுதா. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை, துணி மடிச்சு வெச்சேன்.

அழுது முடிச்சுட்டுச் சொன்னா. "பங்கு ஏறட்டும், எறங்கட்டும், அதை நான் மார்ச்சுல பாத்துக்கறேன். அதுக்குள்ள அவகிட்டப் போயிச் சொல்லிட்டு வாங்க. சொல்லாமக் கணக்குக் கொண்டாந்தீங்கன்னா நான் பிரிச்சே பார்க்க மாட்டேன்."

நவம்பர் 24

போகலாம்னு கெளம்பினேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு.

டிசம்பர் 8

அவ இப்ப எங்க இருக்கான்னு தெரியலை.

டிசம்பர் 9

காரணம்பேட்டையில இருக்காளாம். சுலோச்சனா ஒரே போன்ல விசாரிச்சுட்டா. இந்தம்மா ஸ்டோர்ஸ்ல இருக்க வேண்டிய ஆளே இல்லை, போலீசுல இருக்க வேண்டியது.

டிசம்பர் 20

ஆஸ்திரியாவுல இருந்து பதில். கம்பெனி நடத்தற ஆளே எழுதியிருக்காரு. அவங்க அப்பா ஆரம்பிச்ச கம்பெனியாம். என்ற கடுதாசியை ஜெர்மன்ல மாத்தி, வேலை செய்யற எல்லாத்துக்கும் சாப்பாட்டு நேரத்துல வாசிச்சுக் காட்டினாராம். மலிவு சுவிட்ச் யோசனையை இந்த வருஷம் தள்ளி வெச்சுட்டோம், ஒரேயடியா விட்டுட்டோம்னு சத்தியம் பண்ண முடியாது, மத்த பங்குக்காரங்களும் பேசோணும்னு நேர்மையா எழுதியிருக்காரு. எனக்குப் புடிச்சிருந்துச்சு.

கடைசியில ஒரு கேள்வி. அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார்?

தெரியாதே. பதிமூணு வருஷமா நான் அவ பேரைக்கூட வாயால சொன்னதில்லை.

ஜனவரி 15

பொங்கல். பேரிங்காரன் ஏறியிருக்கான். சுவிட்சுக்காரன் அங்கேயே கெடக்கான், ஆனா இன்னும் கீழ விழலை. காரணம்பேட்டைக்குப் போகலை.

பிப்ரவரி 9

மூட்டு வலி.

பிப்ரவரி 10

மூட்டு வலியெல்லாம் இல்லை.

மார்ச் 24

ஆஸ்திரியாக்காரருக்கு இன்னும் பதில் போடலை. அவரு மறுபடி எழுதியிருக்காரு, ரெண்டே வரி. உடம்பு நல்லா இருக்கீங்களா, அந்தப் பெண் நலமான்னு. கடல் தாண்டி இருக்கற மனுசன் ரெண்டு தடவை கேட்டுட்டான். நான் இருக்கறது பதினாலு கிலோமீட்டர்ல.

மார்ச் 28

கணக்குப் போட்டேன். பிரேசில், ஜப்பான், இத்தாலி மூணும் நல்லாவே ஏறியிருக்குது. அட்டைக் குழாய்தான் ராஜா. சுவிட்சுக்காரன் மொத்தத்தையும் கீழ இழுத்துட்டான். பேங்கு வட்டிக்குப் பதினோராயிரம் கொறைச்சல்.

தோத்துட்டேன். தாளை சுலோச்சனா முன்னாடி வெச்சேன். மடிச்சபடியே திருப்பித் தள்ளினா.

"ஞாயித்துக்கெழமை போலாமுங்க. நானும் வர்றேன். எனக்கும் அவகிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்குது."

மார்ச் 30

போயிட்டு வந்துட்டோம். விடிகாலையில எந்திரிச்சுட்டேன். சட்டையை ரெண்டு தடவை மாத்தினேன். சுலோச்சனா ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கினா. பஸ் ஏறினோம்.

காரணம்பேட்டை மெயின் ரோட்டுல இருந்து உள்ள, விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னாடி வீடு. துளசிமணி மாவாட்டிட்டு இருந்தா. பார்த்த ஒடனே, "மேஸ்திரிண்ணா, வாங்க, வாங்கக்கா"ன்னு எந்திரிச்சா. முந்தானையில கையத் தொடைச்சா. வலது கையில கட்டை வெரலு, ஆள்காட்டி வெரலு, சுண்டு வெரலு. நான் அதைத்தான் பார்த்தேன், அதைத் தவிர எங்கயும் பார்க்க முடியலை.

கிரைண்டரை நிறுத்தினா. கல்லு சுத்தி நின்னுச்சு. அவ மாவை அள்ளலை, சும்மா நிக்கறா. வாய் மட்டும் அசையுது.

"என்ன அம்மிணி?"ன்னு சுலோச்சனா கேட்டா.

"இருபது எண்றேனுங்க்கா. எது நின்னாலும் இருபது எண்ணித்தான் கைய விடுவேன். அன்னைக்கு அவசரப்பட்டதுக்கு..." சிரிச்சா. "என்ற புள்ளையும் எண்ணுவா. மிக்சின்னாலும் எண்ணுவா."

கட்டில்ல உக்காந்தேன். சொன்னேன். ஏழு தடவை நின்னதுல இருந்து ஆரம்பிச்சேன். ஒயரைப் போட்டது, எடுத்தது, பூராவும். கும்புட்டேன்.

அவ மறுபடி முந்தானையில கையத் தொடைச்சா. முகத்துல சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பொறவு கேட்டா. "அப்ப நான் கதவைத் தொறந்ததும் அது நின்னிருக்கோணுமா?"

"நின்னிருக்கோணும்."

"நான் அவசரப்படலையா?"

"இல்லை அம்மிணி. நீ ஒரு தப்பும் பண்ணலை."

கோபம் வந்துச்சு அப்பறம்தான். "பதிமூணு வருஷம்ங்ண்ணா. வந்து சொல்றதுக்கு எத்தனை நாளாகும்? எனக்கே சந்தேகம், நின்னுச்சா நிக்கலையான்னு. கனவுல பூரா அந்த உருளை. நின்னுட்டே சுத்தும்." சுலோச்சனா அவ கையப் புடிச்சுட்டு, செக்குக் குடுத்த அன்னைக்குச் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டா. துளசிமணி கையை இழுத்துக்கலை. ஆனா எனக்குச் சொன்னா, "உங்களுக்கு மன்னிப்பெல்லாம் இப்ப என்கிட்ட இல்லைங்ண்ணா. கேக்காதீங்க." சரின்னேன். கேக்க எனக்கும் யோக்கியதை இல்லை.

காசு ஏதாவது செய்யறேன்னு வாயத் தொறந்தேன். "வேண்டாமுங்க"ன்னா. "ஒண்ணு மட்டும் செய்யுங்க. எங்க வீட்டுக்காரங்க அஞ்சு மணிக்கு ஷிப்ட்டு முடிஞ்சு வருவாங்க. இருந்து இதை அவுங்ககிட்டச் சொல்லுங்க. வீட்டுல ஒரு டம்ளர் ஒடைஞ்சாலும், 'உன்ற அவசரந்தான் தெரியுமே'ம்பாங்க. நல்ல மனுசந்தான், குடிக்க மாட்டாங்க, அடிக்க மாட்டாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும்."

மணி ரெண்டரை. இருந்தோம். தோசை சுட்டுக் குடுத்தா. அவ புள்ள ட்யூஷன் முடிஞ்சு வந்து எங்களைப் பார்த்துட்டு உள்ள போச்சு. பங்கு விசயத்தைச் சுலோச்சனாதான் அவகிட்டச் சொன்னா. உன்னைப் பத்தி ஆஸ்திரியாவுல கேக்கறாங்கன்னு. துளசிமணி நம்பலை. போன்ல அந்த மெயிலைக் காட்டினேன். படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டா. "யாருன்னே தெரியாது, கேக்கறாங்க பாருங்க"ன்னா. "நல்லாத்தான் இருக்கேன்னு எழுதுங்க. இருபது எண்றதை எழுதாதீங்க, சிரிப்பாங்க."

நாலு மணிக்கு வெளிய வேப்பமரத்துக்கிட்ட நின்னப்ப சுலோச்சனா பக்கத்துல வந்தா. "தம்பிகிட்ட நான் பேசலைங்க. இன்னொரு வருஷம் பாருங்க. சுவிட்சுக்காரனை விக்க வேண்டாம், ஆனா மேல ஒண்ணுகூட வாங்கக் கூடாது. அட்டைக் குழாயை நான் பாத்துக்கறேன்." பதினோராயிரம் தோத்தும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அந்த எடத்துல சந்தோசப்பட வெக்கமாவும் இருந்துச்சு.

அஞ்சேகாலுக்கு அவ வீட்டுக்காரர் ராசு வந்தாரு. தலையெல்லாம் பஞ்சு. எங்களைப் பார்த்துட்டு, ஒறம்பரையா, சொந்தமான்னு கேட்டுட்டே சைக்கிளைச் சாத்தினாரு. துளசிமணி தண்ணி கொண்டாந்து குடுத்தா. குடிச்சு முடிக்கற வரைக்கும் நின்னா. அப்பறம் முக்காலியை எடுத்து என்ற எதுக்கப் போட்டா. புள்ளையையும் உள்ள இருந்து கூப்புட்டுப் பக்கத்துல நிறுத்திக்கிட்டா.

"உக்காருங்க. இவங்க எங்க மில்லு மேஸ்திரி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமாமா."

எந்திரிச்சு நின்னு சொன்னேன்.